போர்க்கால ஏமாற்றுக்குப் பின்னால் இருந்த மனிதரைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? மேஜர் மார்ட்டின் வழக்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

1943 ஏப்ரல் 30 அதிகாலை, ஸ்பெயின் நாட்டின் உவெல்வா கரையோரம், பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் செராஃப் ஓர் உடலைக் கடலில் விட்டது. அந்த உடலில் ராயல் மரீன்ஸ் படையின் சீருடை இருந்தது. சட்டைப் பையில் மேஜர் வில்லியம் மார்ட்டின் என்ற அடையாள அட்டை, இடுப்பில் சங்கிலியால் பிணைத்த ஒரு தோல்பெட்டி. நேச நாடுகள் கிரீஸிலும் சார்டினியாவிலும் இறங்கப் போகின்றன என்று ஜெர்மானியரை நம்ப வைக்கும் கடிதங்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. உண்மையில் குறி சிசிலி. இந்தத் திட்டத்துக்கு மின்ஸ்மீட் என்று பெயர்.

மார்ட்டின் என்று ஒருவர் வாழவே இல்லை. ஆனால் உடல் ஒருவருடையது. அவர் யார் என்பதற்கு விடை வெளியே தெரிந்துவிட்டது. இருந்தாலும் இதையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருந்தால்தான் எந்த வரியில் பிழை விட்டோம் என்று பார்க்க முடியும். இந்தப் படிகள் கைக்கு வந்த பிறகு, விடை தெரியாத வேறு வழக்குகளுக்குப் போகலாம்.

புதிதாக இறங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள்: கற்பனை மனிதரிடமிருந்து தொடங்குகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் தொடங்கினேன். ஏமாற்றுவதற்காக எழுதப்பட்ட தாள்களுக்குள் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், ஏமாற்றுக்காரர்கள் வைத்ததுதான் கிடைக்கும். ஏமாற்றும் நோக்கமே இல்லாமல், அன்றாட அலுவலுக்காக யாரோ எழுதி வைத்த தாளில்தான் உண்மையான ஆள் இருப்பார். கீழே உள்ள வரிசை முழுக்க அந்தத் தாளை நோக்கிப் போகும் வழிதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீளமான நோட்டு. கணினியில் எழுதினாலும் சரி, ஆனால் ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே மூன்று குறிப்புகள் எழுத இடம் வேண்டும்: எங்கே கிடைத்தது, யார் எழுதியது, எப்போது எழுதியது. பிற்பாடு குழப்பம் வரும்போது உங்களைக் காப்பாற்றப் போவது அந்த மூன்றாவது குறிப்புதான்.

லண்டன் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நேரில் போவதானால் முகவரி, அடையாளச் சான்றுகளைக் காட்டி வாசகர் அட்டை எடுக்க வேண்டும். வாசிப்பறையில் பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். உங்கள் கேமராவில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆகவே அங்கே உட்கார்ந்து படிக்காதீர்கள். கோப்பின் எண் தெரியும்படி முதல் அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை படம் எடுத்துவிட்டு, வீட்டில் படியுங்கள்.

இவற்றோடு இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் பிறப்பு இறப்புப் பதிவுக் குறியீடுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் ஆகியவை வேண்டும். சான்றிதழ் நகல்களை வெளிநாட்டிலிருந்தும் பணம் கட்டி வாங்கலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு முன்னேற்பாடும் தேவை. நாம் பெயர்களைக் காதால் கேட்டபடி எழுதிப் பழகியவர்கள், பட்டியலோ எழுத்தைப் பார்த்துத்தான் தேடும். இந்தத் திட்டத்தை முதலில் யோசித்த விமானப்படை அதிகாரி சார்லஸ் சம்லி. அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டினால் ‘சொல்மாண்டெலி’ என்று வரும். ஒலியை வைத்துத் தட்டச்சு செய்தால் ஒரு கோப்பும் வராது. எல்லாப் பெயர்களுக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

2. ‘அவர் யார்’ என்ற கேள்வியை நான்காக உடையுங்கள்

மேஜர் மார்ட்டின் யார் என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்டால் விடை குழம்பும், ஏனென்றால் அந்த ஒரு ‘ஆள்’ பலரிடமிருந்து எடுத்து ஒட்டப்பட்டவர். எனவே நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: யாருடைய பெயர், யாருடைய முகம், யாருடைய எழுத்து, யாருடைய உடல்.

பெயர் கற்பனை. முகம், பிரிட்டிஷ் உள்நாட்டு உளவுத் துறையான எம்ஐ5இல் இருந்த ரோனி ரீட் என்ற அதிகாரியுடையது. இறந்தவரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உயிருள்ளவர் போலத் தெரியவில்லை என்பதால், சாயலில் ஒத்த ரீடை உட்கார வைத்து அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார்கள். பையிலிருந்த காதலி ‘பாம்’ படத்தில் இருப்பவர் அதே துறையில் வேலை பார்த்த ஜீன் லெஸ்லி. காதல் கடிதங்களை எழுதியவர் அங்கேயே பணியாற்றிய ஹெஸ்டர் லெகட். நான்காவது கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

கட்டங்களைப் பிரித்து வைத்தால், ‘படத்தில் இருப்பவர் என் தாத்தா போலவே இருக்கிறார்’ என்று யாராவது சொல்லும்போது, அந்தச் செய்தி எந்தக் கட்டத்துக்கு உரியது என்று உடனே தெரியும். முகத்தின் விடையை உடலின் கட்டத்தில் எழுதிவிடுவது நான் அதிகம் பார்த்த பிழைகளில் ஒன்று.

3. ஆள் தேடும் முன் நாள் தேடுங்கள்

இரண்டாவது வேலை கால வரிசை. அதில் ஆட்களின் பெயரே வரக்கூடாது, நாளும் நிகழ்வும் மட்டும். மார்ட்டின் பையிலிருந்த நாடகக் கொட்டகை டிக்கெட்டின் நாள் ஏப்ரல் 22. கல்லறைக் கல்லில் இறந்த நாள் ஏப்ரல் 24. செராஃப் ஸ்காட்லாந்தின் ஹோலி லாக் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது ஏப்ரல் 19.

இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். நாடகம் பார்த்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு மூன்று நாள் முன்பே அவர் உடல் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறிவிட்டது. கப்பல் போய்ச் சேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும், உடலோ சில நாள்தான் கடலில் கிடந்தது போலத் தெரிய வேண்டும். அதனால் நாள்களை முன்கூட்டியே கணக்குப் போட்டு அமைத்திருக்கிறார்கள். எது செயற்கையான நாள், எது நடந்த நாள் என்று பிரிக்க இந்த ஒரு பயிற்சியே போதும்.

இப்போது பின்னோக்கி எண்ணுங்கள். உடலைக் கொடுத்தவர் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் பகுதியின் மரண விசாரணை அதிகாரி பென்ட்லி பர்ச்சேஸ். குளிர்ப் பதனத்தில் வைத்தாலும் மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். கடலில் விட்டது ஏப்ரல் கடைசி நாள். மூன்று மாதம் பின்னால் போனால் ஜனவரி கடைசி. தேட வேண்டிய இறப்பு எந்தக் காலத்தில், எந்த ஊரில் பதிவாகியிருக்கும் என்பது, ஒரு பெயர்கூடக் கையில் இல்லாத நிலையிலேயே, கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. ஆளைப் பிடித்துக்கொண்டு நாளைத் தேடினால், நாளை அவருக்கு ஏற்றபடி வளைக்கத் தோன்றும். முதலில் நாளை வரிசைப்படுத்தச் சொல்வது அதனால்தான்.

4. ஒவ்வொரு தாளும் யார் கண்ணுக்காக எழுதப்பட்டது?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். முழு வேலையிலும் மிகுதியான நேரம் இங்கேதான் செலவாக வேண்டும்.

முதல் குவியல், எதிரி படிப்பதற்காக எழுதியவை. பையில் இருந்த அத்தனையும் இதில் சேரும். மார்ட்டின் கணக்கில் 79 பவுண்டு 19 ஷில்லிங் 2 பென்ஸ் பற்று விழுந்திருப்பதாக வங்கி மேலாளர் எழுதிய கடிதம் ஒன்று அதில் இருந்தது. நிச்சயதார்த்த மோதிரத்துக்கு நகைக்கடை கொடுத்த பில்லும் இருந்தது. சில்லறை பென்ஸ் வரை கணக்கு இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றும், அதற்காகவே அவை அவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டன. 1943 ஜூன் 4 அன்று லண்டன் டைம்ஸ் நாளிதழில் வந்த உயிரிழந்தோர் பட்டியலில் மேஜர் மார்ட்டின் பெயர் இருப்பதும் இதே குவியல்தான். ‘நாளிதழில் அச்சானது, ஆகவே அப்படி ஒருவர் இருந்திருக்க வேண்டும்’ என்று வாதிட வருபவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

இரண்டாவது குவியல், போருக்குப் பின் பொதுமக்களுக்காக எழுதியவை. திட்டத்தை நடத்திய கடற்படை உளவு அதிகாரி யூவன் மாண்டகு 1953இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இறந்தவருக்கு நிமோனியா என்றும், பெயரை வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து உறவினர்களிடம் அனுமதி பெற்றதாகவும் அதில் சொன்னார். பங்கேற்றவரே எழுதியது என்பதால் புதியவர்கள் இதைத்தான் அடித்தளமாக வைக்கிறார்கள். ஆனால் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்ட ஒருவர் எழுதியது அது. எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்று எடைபோட்டுத்தான் அவர் ஒவ்வொரு வரியையும் எழுதியிருப்பார்.

மூன்றாவது குவியல், அதே அதிகாரிகள் போர்க்காலத்தில் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை. அங்கே யாரையும் ஏமாற்றத் தேவையில்லை. அந்தத் தாள்களில் நிமோனியா இல்லை, பாஸ்பரஸ் கலந்த எலி மருந்து இருக்கிறது. உட்கொண்ட அளவு குறைவு, உடனே கொல்லவில்லை, கல்லீரல் பழுதாகிச் சற்றுப் பின்னர் இறந்தார் என்ற மருத்துவ விவரமும் இருக்கிறது. ஒரே ஆளான மாண்டகு இரண்டு குவியல்களிலும் எழுதியிருக்கிறார், இரண்டு விதமாக எழுதியிருக்கிறார். எழுதியவர் யார் என்பதைவிட யாருக்காக எழுதினார் என்பதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நான்காவது குவியல் மிகச் சிறியது, மிகவும் உறுதியானது. திட்டம் எதுவும் தெரியாத ஓர் எழுத்தர் தன் கடமைக்காக எழுதியவை: பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு, கணக்கெடுப்புத் தாள். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு வீட்டின் பிள்ளைகளை வரிசையாக எழுதியவருக்கு 1943இல் நடக்கப் போவது எதுவும் தெரியாது. மூன்றாவது குவியலில் கிடைக்கும் பெயர் நான்காவது குவியலிலும் நின்றால்தான் உங்கள் விடை நிற்கும்.

5. புனைபெயரைத் தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள்

மார்ட்டின் என்ற பெயர் எடுத்ததற்குக் காரணம், ராயல் மரீன்ஸ் அதிகாரிகளில் அந்தப் பெயரோடும் ஏறத்தாழ அந்தப் பதவியோடும் பலர் இருந்ததுதான். ஜெர்மானியர் அதிகாரிகள் பட்டியலைப் புரட்டினால் ஏதாவது ஒரு மார்ட்டின் கண்ணில் பட வேண்டும். விசாரிப்பவருக்குத் தோதான ஆள் கிடைக்கட்டும் என்றே வைத்த பெயர் அது.

எண்பது ஆண்டு கழித்து நீங்கள் தேடினாலும் அந்தப் பொறி இன்னும் வேலை செய்கிறது. பட்டியலில் மார்ட்டின் என்று தட்டினால், அந்தக் காலத்தில் கடலில் இறந்த உண்மையான மார்ட்டின்கள் வரத்தான் செய்வார்கள். அவர்களில் ஒருவர் மேல் மனம் போய்விட்டால் மீள்வது கடினம். பெயர்ப் பொருத்தத்தைச் சான்றாக எண்ணாதீர்கள். இந்த வழக்கில் அது வேண்டுமென்றே உண்டாக்கிய விளைவு.

6. உடலுக்கு இருந்த நிபந்தனைகளை எழுதுங்கள்

இப்போது அதிகாரிகளின் இடத்தில் நின்று பாருங்கள். அவர்களுக்கு எப்படிப்பட்ட உடல் தேவைப்பட்டது? படை வயதுள்ள ஆண். வெளியில் தெரியும் காயம் கூடாது. பிரேதப் பரிசோதனை செய்தாலும் நீரில் மூழ்கியவர் என்ற முடிவுக்கு இடம் இருக்க வேண்டும். தேடி வந்து உடலைக் கேட்கும் உறவினர் இருக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனைக்காக அவர்கள் அன்றைய புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர் சர் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரியிடம் ஆலோசனை கேட்டார்கள். நான்காவது நிபந்தனைக்குத்தான் பர்ச்சேஸ் போன்ற மரண விசாரணை அதிகாரி தேவைப்பட்டார். கேட்பாரற்ற உடல்கள் அவர் பொறுப்பில்தான் வரும்.

இந்தப் பட்டியல் தேடும் எல்லையைச் சுருக்கிவிடும். உடலைக் கொடுத்தவர் யார் என்று தெரிந்தால், அவருடைய அதிகார எல்லை தெரியும். எல்லை தெரிந்தால் எந்தப் பதிவு மாவட்டத்தில் இறப்பு பதிவாகியிருக்கும் என்பதும் தெரியும். செயின்ட் பாங்க்ரஸ், 1943ஆம் ஆண்டின் முதல் காலாண்டு, வேலை செய்யும் வயதுள்ள ஆண், உறவுகளின் தொடர்பு அறுந்தவர். மூன்றாவது படியில் கண்ட நாளும் இங்கே கண்ட இடமும் ஒன்று சேர்கின்றன.

7. காப்பகத்தில் கோப்பைத் தேடும் வரிசை

பட்டியலில் திட்டத்தின் குறியீட்டுப் பெயரை முதலில் தேடுங்கள். பிறகு அதன் பழைய பெயரையும் தேடுங்கள். சம்லி 1942இல் முதலில் முன்வைத்தபோது அதற்கு ‘டிரோஜன் ஹார்ஸ்’ என்று பெயர். திட்டங்கள் பாதி வழியில் பெயர் மாறும், பழைய பெயரில் கிடக்கும் தாள்கள் புதிய பெயரில் தேடுபவர் கைக்கு எட்டாது.

அதன்பின் துறை வாரியாகப் போங்கள். இரகசியத் திட்டம் ஒன்றில் பல துறைகள் கைவைத்திருக்கும், ஒவ்வொன்றும் தனக்கு ஒரு பிரதி வைத்திருக்கும். போர் அலுவலகத்தின் இராணுவச் செயற்பாட்டுத் தாள்கள் டபிள்யூ.ஓ. 106 வரிசையில் உள்ளன. கடற்படை உளவுப்பிரிவினுடையவை ஏ.டி.எம். 223 வரிசையில். ஏமாற்றுத் திட்டங்களை ஒருங்கிணைத்த லண்டன் கட்டுப்பாட்டுப் பிரிவின் கோப்புகள் சி.ஏ.பி. 154 வரிசையில். நீர்மூழ்கிக் கப்பல்களின் பதிவேடுகளுக்கு ஏ.டி.எம். 173, எம்ஐ5 கோப்புகளுக்கு கே.வி. என்று தொடங்கும் வரிசைகள்.

நான்கைந்து துறைகளைப் பார்ப்பது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் ஒரு துறையின் பிரதியில் கறுப்பு மை பூசிய வரி, இன்னொரு துறையின் பிரதியில் மை பூசாமல் தப்பியிருக்கலாம். மறைப்பவரும் மனிதர்தானே, நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒன்றை விட்டுவிடுவார்.

கோப்பு எப்போது திறக்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கில் விடையைக் கண்டெடுத்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. லண்டனைச் சேர்ந்த ரோஜர் மார்கன், வரலாற்றை ஆர்வத்தால் மட்டும் தொடர்ந்தவர், 1996இல் பொது ஆவணங்களில் அந்தப் பெயரைக் கண்டார். அதற்கு முன் எழுதியவர்கள் எவ்வளவு திறமையானவர்களானாலும் அந்தத் தாள் அவர்கள் கண்ணில் பட்டிருக்கவில்லை. ஆகவே 1996க்கு முந்திய புத்தகம் ஒன்று ‘இவர்தான்’ என்று யாரையாவது அடித்துச் சொன்னால், எந்தத் தாளைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள்.

கோப்பைப் படிக்கும்போது அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். பின்னிணைப்பு, ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு, ‘பார்த்தேன்’ என்று போட்ட கையெழுத்து எல்லாவற்றையும் பாருங்கள். அறிக்கை மேலதிகாரிக்காக எழுதப்படுவது. ஓரக்குறிப்பு பக்கத்து மேசைக்காரருக்காக எழுதப்படுவது, அதில்தான் பூச்சு குறைவு.

8. பெயர் கிடைத்ததும் கோப்பை மூடிவிட்டு வெளியே வாருங்கள்

கிடைக்கும் பெயர்: கிளின்டூர் மைக்கேல்.

இங்கே பலர் மகிழ்ச்சியில் நிறுத்திவிடுகிறார்கள். இது பாதி வழிதான். ஒரு கோப்பில் ஒரு பெயர் இருப்பதால் அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்று ஆகிவிடாது. மார்ட்டின் பெயரும் தாளில் இருந்ததுதானே. நான்காவது குவியலுக்குப் போக வேண்டிய நேரம் இது.

இறப்பிலிருந்து பிறப்புக்கு என்ற திசையில் போங்கள். 1943 முதல் காலாண்டின் இறப்புக் குறியீட்டில் பெயர், மாவட்டம், வயது ஆகியவை இருக்கும், பிறந்த நாள் இருக்காது. 34 வயது என்றால் பிறந்த ஆண்டு 1908 அல்லது 1909. அங்கிருந்து பிறப்புப் பதிவுக்குப் போனால் 1909 ஜனவரி 4, வேல்ஸில் அபர்பர்கோய்ட் என்ற சுரங்க ஊர். தந்தை தாமஸ் மைக்கேல், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. தாய் சாரா ஆன் சாட்விக். கிளின்டூர் பதின்ம வயதில் இருந்தபோதே தந்தை இறந்துபோனார். 1940இல் தாயும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு லண்டன் தெருக்கள், 1943 ஜனவரி இறுதியில் செயின்ட் பாங்க்ரஸ் மருத்துவமனை. ஆறாவது படியில் எழுதிய நிபந்தனைகளை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள், அத்தனையும் பொருந்துகின்றன.

கணக்கெடுப்புத் தாள்களில் 1911, 1921 இரண்டும் இப்போது பார்க்கக் கிடைக்கின்றன. 1931ஆம் ஆண்டினுடையது 1942இல் தீயில் அழிந்துவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம். 1939 செப்டம்பரில் எடுத்த தேசியப் பதிவேடு அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

எழுத்துக்கூட்டலில் விரிவாகத் தேடுங்கள். வேல்ஸ் மொழியில் டபிள்யூ என்ற எழுத்து உயிரெழுத்தாகவும் வரும். கிளின்டூர் என்ற பெயரின் கடைசி அசை டபிள்யூ, ஆர் என்ற இரண்டு எழுத்தோடு முடியும். ஆங்கிலம் மட்டும் அறிந்த எழுத்தர் இடையில் ஒய் ஒன்றைச் சொருகிவிடுவார். இரண்டு விதமாகவும் தேடுங்கள். பிறப்பைத் தேடும்போது தாயின் குடும்பப் பெயரிலும் ஒருமுறை தேடுவது நல்லது. அந்தக் காலத்தில் சட்டப்படி மணமுடிக்காத பெற்றோரின் பிள்ளை தாயின் பெயரில் பதிவாவது வழக்கம்.

ஓர் எழுத்து எவ்வளவு பெரிய சுவராகும் என்பதற்கு இதே வழக்கில் இன்னொரு எடுத்துக்காட்டு இருக்கிறது. காதல் கடிதங்களை எழுதிய ஹெஸ்டரின் குடும்பப் பெயர் நெடுங்காலம் தவறாக அச்சாகி வந்தது. கடைசி அசையில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதில் ‘இ’ விழுந்திருந்தது. அந்தப் பெயரில் தேடியவர்களுக்கு அவரைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை. இந்தத் திட்டத்தை வைத்து உருவான ஓர் இசை நாடகத்தின் ரசிகர்கள் ஒன்றுகூடிப் பழைய பதிவுகளைத் துழாவி, ஒற்றை எழுத்தைத் திருத்தி, 1905 முதல் 1995 வரை வாழ்ந்த அந்தப் பெண்ணை மீட்டெடுத்தார்கள். எம்ஐ5 அதை உறுதி செய்தது. அவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். எழுத்துக்கூட்டலைச் சந்தேகிக்கும் பொறுமை எவருக்கும் வரலாம் என்று காட்டியிருக்கிறார்கள்.

9. மறுகட்சியை அதன் முழு வலிமையோடு எழுதிப் பாருங்கள்

கிளின்டூர் மைக்கேல் அல்ல, வேறொருவர் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்காமல் தள்ளிவிடுவது பெரிய தவறு. உங்கள் முடிவு எந்த இடத்தில் மெலிந்திருக்கிறது என்று காட்டப் போவது அவர்கள்தான்.

அவர்கள் வாதம் இப்படிப் போகிறது. 1943 மார்ச் 27 அன்று ஸ்காட்லாந்தின் கிளைட் கடல்முகத்தில் டாஷர் என்ற விமானந்தாங்கிக் கப்பல் வெடித்து மூழ்கியது. 379 பேர் இறந்தார்கள். மூன்று வாரம் கழித்து, அதே கிளைட் பகுதியிலிருந்துதான் செராஃப் புறப்பட்டது. நீரில் உண்மையாகவே மூழ்கிய இளம் மாலுமியின் உடல் அருகிலேயே கிடைக்கும்போது, மூன்று மாதம் குளிரில் கிடந்த உடலை நம்பிப் போர்த் திட்டத்தை ஏன் பணயம் வைக்க வேண்டும்? 2004இல் சைப்ரஸ் அருகே, டாஷர் என்ற பெயர் தாங்கிய இன்றைய கடற்படைப் படகில் நடந்த நினைவு நிகழ்ச்சியில், ஜான் மெல்வில் என்ற மாலுமிதான் மார்ட்டினாகப் பயன்பட்டார் என்று ஓர் அதிகாரி பேசினார்.

கேட்பதற்கு வலுவான வாதம். இப்போது நான்கு குவியல்களைக் கொண்டுவாருங்கள். 2004இல் நடந்த பேச்சு, நிகழ்வுக்கு அறுபது ஆண்டு பிந்தியது, கூடியிருந்தவர்களுக்காக நிகழ்த்தப்பட்டது. கடற்படைப் படகின் மேல் நின்று பேசியதால் அது போர்க்காலத் தாளின் எடையைப் பெற்றுவிடாது. உடலை மாற்றினோம் என்று சொல்லும் ஒரு போர்க்காலத் தாள் வேண்டும். மைக்கேலுக்கு அப்படித் தாள் இருக்கிறது, எலி மருந்தும் கல்லீரலும் உட்பட.

அடுத்து பயணம். ஏப்ரல் 17 அன்று லண்டன் ஹாக்னி பிணவறையில் உடலுக்குச் சீருடை உடுத்தினார்கள். உறைந்து விறைத்த கால்களில் பூட்ஸ் நுழையவில்லை. மின்சாரக் கணப்பைப் பக்கத்தில் வைத்துக் கணுக்கால் இளகும்வரை சூடுகாட்டி மாட்டினார்கள். உலர்பனி நிரப்பிய உலோகக் குழாயில் வைத்து மூடினார்கள். மோட்டார் பந்தய வீரர் ஒருவர் இரவோடு இரவாக வேனை ஓட்டி ஸ்காட்லாந்து கொண்டுபோனார். பிணவறையில் அந்தப் பூட்ஸோடு பட்ட பாடு, உடல் லண்டனிலிருந்தே போனது என்பதைச் சொல்லிவிடுகிறது. கிளைடில் புதிய உடல் காத்திருந்தால் இந்தப் பாடெல்லாம் எதற்கு?

அழுகிய நிலை பற்றிய கேள்விக்கும் உவெல்வாவில் விடை இருக்கிறது. உடலின் வாடையும் அன்றைய வெயிலும் சேர, பிரிட்டிஷ் துணைத் தூதர் ஹாசல்டன் ஸ்பானிய மருத்துவர்களிடம் பரிசோதனையைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாமே என்றார். அவர்களும் மூழ்கி இறந்ததாக எழுதி முடித்தார்கள். இறந்து நாளான உடல் என்பதோடு இது ஒத்துப்போகிறது. அந்த ஆபத்து இருந்தது உண்மை. அதிகாரிகள் அதைத் தெரிந்தே ஏற்றார்கள்.

இந்தப் பகுதியை எழுதும்போது குரலை உயர்த்தாதீர்கள். டாஷரில் இறந்தவர்களின் குடும்பங்கள் தங்கள் பிள்ளை எங்கே அடக்கமானான் என்று தெரியாமல் பல பத்தாண்டுகள் தவித்தவர்கள். வாதத்தை மறுக்கலாம், அந்தத் தவிப்பை மறுக்கக் கூடாது.

10. குறிப்பையும் சான்றையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்

உவெல்வாவின் நுவெஸ்த்ரா செனோரா தெ லா சொலெதாத் கல்லறைத் தோட்டத்தில் உள்ள கல்லைப் படமாகப் பாருங்கள். வில்லியம் மார்ட்டின், பிறப்பு 1907 மார்ச் 29, இறப்பு 1943 ஏப்ரல் 24. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரைச் சேர்ந்த ஜான் கிளின்டூர் மார்ட்டின், காலஞ்சென்ற அன்டோனியா ஆகியோரின் அன்பு மகன்.

கற்பனைத் தந்தையின் நடுப்பெயரில் உண்மையான மகனின் பெயர் இருக்கிறது. இடையில் ஒய் சேர்த்த எழுத்துக்கூட்டலோடு இருக்கிறது. ஊரும் வேல்ஸ். முதன்முதலில் இதைக் கவனித்தபோது நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் வரிசையை நினைவில் வையுங்கள். பெயர் தெரிந்த பிறகுதான் இந்தக் கல் பேசுகிறது. 1996க்கு முன் அதைப் படித்தவருக்கு அது வெறும் தந்தை பெயர். கல் முதல் குவியலைச் சேர்ந்தது, ஏமாற்றுக்காக நட்டது. அதில் உண்மை ஒளிந்திருப்பதாக இன்று நமக்குத் தெரிவதால் அது சான்றாகிவிடாது. நோட்டில் இதைத் தனிப் பக்கத்தில், ‘பொருந்துகிறது’ என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள். ‘நிறுவுகிறது’ என்ற தலைப்பின் கீழ் எழுதாதீர்கள். இப்படிப்பட்ட குறிப்புகளிலிருந்து தொடங்குபவர்கள் எந்தக் கல்லிலும் எந்தப் பெயரையும் கண்டுவிடுவார்கள்.

11. எழுதி முடிக்கும்போது

மாண்டகு இறந்தவரைப் பற்றி எழுதிய சில சொற்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உருப்படாதவர் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இறந்த பிறகுதான் ஒரு நல்ல காரியம் செய்தார் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் அந்த மனிதரை உயிரோடு பார்த்ததே இல்லை. பசியும் வீடின்மையும் கொண்டுபோன ஒருவரைப் பற்றி, அவர் உடலைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவர் சொன்ன மதிப்பீடு அது. மேற்கோளாக வேண்டுமானால் போடுங்கள், உங்கள் குரலாக ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

எலி மருந்தை அவர் எந்த மனநிலையில் உட்கொண்டார் என்று கதை கட்டாதீர்கள். ஆவணம் சொல்வதை ஆவணத்தின் வாயாலேயே சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எந்தக் குவியலின் தாள் ஆதாரம் என்று அடைப்புக்குள் ஓர் எண் போட்டு வாருங்கள். முதல் குவியலின் எண் மட்டும் இருக்கும் வரியை அடித்துவிடுங்கள்.

கடைசியாக, இரண்டாம் படியில் காலியாக விட்ட நான்காவது கட்டத்துக்குத் திரும்புங்கள். போர்க் கல்லறை ஆணையம் 1977இல் அந்தக் கல்லறையைத் தன் பராமரிப்பில் எடுத்தது. பிற்பாடு அதே கல்லின் அடியில், கிளின்டூர் மைக்கேல், ராயல் மரீன்ஸ் மேஜர் வில்லியம் மார்ட்டினாகப் பணியாற்றியவர் என்று ஒரு வரியைச் சேர்த்தது. இந்த முறை இடையில் ஒய் இல்லை. அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்து, கட்டத்தில் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் 1909 ஜனவரி 4, அபர்பர்கோய்ட் என்று சேருங்கள். தாய் தந்தை பெயரையும் சேருங்கள்.